வெப்பம் கை மாறும் இடம்

மாலை ஐந்து மணி. விழுப்புரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் பால் கறக்கிறார்கள். மடியிலிருந்து இறங்கும் பாலின் வெப்பநிலை மாட்டின் உடல் வெப்பநிலையே. அதாவது ஏறத்தாழ 38 பாகை செல்சியஸ். கேனில் ஊற்றிக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொண்டு வந்து அளக்கும்போதும் அது 35 பாகை அளவில் இருக்கும். சித்திரை, வைகாசி மாதங்களில் வெளிக்காற்றே 40 பாகையை எட்டும் ஊரில் பால் தானாக ஆறுவதற்கு வழியில்லை.

எவ்வளவு தூய்மையாகக் கறந்தாலும் பாலில் சில பாக்டீரியாக்கள் இருக்கத்தான் செய்யும். 35 பாகை வெப்பம் அவற்றுக்கு மிகவும் உகந்தது. அரை மணிக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிகிறது என்று கொள்வோம். ஆறு மணி நேரத்தில் ஒன்று 4,096 ஆகிவிடும்! அவை பாலிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் மிகுந்த பால் அடுப்பில் வைத்ததும் திரிந்துவிடும். திரிந்த பாலுக்கு விலை ஏது? ஒரு வீட்டுக் கேனில் கெட்ட பால் பெரிய தொட்டியில் கலந்துவிட்டால், ஊரார் உழைப்பெல்லாம் அதனுடன் சேர்ந்து வீணாகும்.

பாலை 4 பாகைக்குக் குளிர்வித்துவிட்டால் இந்தப் பெருக்கம் வெகுவாகத் தளர்ந்துவிடுகிறது. ஆகவே கேள்வி இதுதான்: ஆயிரம் லிட்டர் பாலிலுள்ள வெப்பத்தை விரைவாக வெளியே எடுப்பது எப்படி? இக்கேள்விக்கு விடையாக அமைந்த கருவியே வெப்பமாற்றி. பால் குளிர்விப்பு நிலையத்தில் தகடுகளாகவும், திண்டிவனம் நெடுஞ்சாலையோர உணவு விடுதியின் குளிர்சாதனத்தில் சுருளாகவும், அவ்வழியே செல்லும் லாரியின் முகப்பில் ரேடியேட்டராகவும் இருப்பது இதுவே. உருவம் பல, தத்துவம் ஒன்று. அதைச் சற்று விரிவாகக் காண்போம்.

குளிர் என்று ஒரு பொருள் உண்டா?

'குளிர் ஏறுகிறது', 'குளிர் உள்ளே வருகிறது' என்றெல்லாம் பேச்சு வழக்கில் சொல்கிறோம். ஆனால் இயற்பியலில் குளிர் என்று தனியே ஒரு பொருள் இல்லை. வெப்பம் மட்டுமே உண்டு. அது எப்போதும் வெப்பநிலை மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கே தானாகச் செல்லும். ஒன்றைக் குளிர்விப்பது என்றால் அதன் வெப்பத்தை வேறொன்றுக்குக் கை மாற்றுவது என்றே பொருள்.

டீக்கடையில் மாஸ்டர் இரு குவளைகளுக்கிடையே தேநீரை நீளமாக ஆற்றுவதைப் பாருங்கள். குவளைக்குள் இருக்கும்போது தேநீரின் மேற்பரப்பு மட்டுமே காற்றைத் தொடுகிறது. ஆற்றும்போது அது மெல்லிய விழுதாக நீண்டு, எல்லாப் பக்கமும் காற்றைத் தொடுகிறது. தொடும் பரப்பு பெருகியதால் வெப்பம் விரைந்து வெளியேறுகிறது. இங்கே தேநீரும் காற்றும் நேரே தொட்டுக்கொள்கின்றன.

ஆனால் பாலைக் குளிர்நீருடன் கலக்க முடியுமா? முடியாது. வெப்பம் மட்டும் போக வேண்டும். பொருள் கலக்கக் கூடாது. இதற்கு நடுவே ஒரு சுவர் வேண்டும். அந்தச் சுவர்தான் வெப்பமாற்றியின் உயிர்.

பழைய டீக்கடைகளில் இருந்த செம்பு பாய்லரை நினைவு கூருங்கள். நடுவே ஒரு குழாய்; அதனுள் கரி கனன்று எரியும். குழாயைச் சுற்றி நீர். நெருப்பும் நீரும் ஒன்றையொன்று தொடுவதில்லை. செம்புச் சுவரின் வழியே வெப்பம் மட்டும் செல்கிறது. மீட்டர் பாதைக் காலத்தில் விழுப்புரம் சந்திப்பில் வந்து நின்ற நீராவி எஞ்சின்களின் வயிற்றிலும் இதே அமைப்புதான். ஒரு குழாய்க்குப் பதிலாகப் பல குழாய்கள், அவற்றினுள் நெருப்பின் சுடுவாயு, வெளியே நீர். ஒரு பெரிய குழாயைக் காட்டிலும் பல சிறு குழாய்களுக்கு மொத்தப் பரப்பு மிகுதி என்பதே காரணம்.

வெப்பம் செல்லும் கணக்கு

ஒரு சுவரின் வழியே வினாடிக்கு எவ்வளவு வெப்பம் செல்லும் என்பதை மூன்று செய்திகள் முடிவு செய்கின்றன. முதலாவது, சுவரின் பரப்பு. இரண்டாவது, இருபுறமும் உள்ள வெப்பநிலைகளின் வேறுபாடு. மூன்றாவது, வெப்பத்துக்கு இடையில் எவ்வளவு தடை உள்ளது என்பது. பரப்பும் வேறுபாடும் கூடினால் வெப்ப ஓட்டம் கூடும். தடை கூடினால் குறையும்.

தடை என்றதும் உலோகச் சுவரைத்தான் நினைப்போம். உண்மையில் உலோகத்தின் தடை மிகவும் குறைவு. சுவரை ஒட்டி இருபுறமும் நகராமல் நிற்கும் மெல்லிய படலங்களே பெருந்தடை. ஓடும் ஆற்றிலும் கரையோரத்து நீர் தயங்கித் தயங்கிச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். குழாயினுள்ளும் அப்படித்தான். நடுவே திரவம் விரைந்து ஓடினாலும், சுவரை ஒட்டிய படலம் ஏறத்தாழ அசையாமல் நிற்கிறது. செம்பின் வெப்பக் கடத்துத்திறன் ஏறத்தாழ 400 என்றால், நீரின் கடத்துத்திறன் 0.6 மட்டுமே, காற்றினுடையதோ 0.026. அசையாத நீர்ப்படலம் வெப்பத்துக்குப் போர்வை போலாகிறது. காற்றுப்படலம் கம்பளி போலாகிறது.

இப்படலத்தைக் கலைப்பது எப்படி? திரவத்தைக் கலக்க வேண்டும். சுழிக்கச் செய்ய வேண்டும். பால் குளிர்விக்கும் தொட்டியில் துடுப்பு ஒன்று சுழல்வதன் நோக்கங்களில் ஒன்று இதுவே. அது நின்றுவிட்டால் அடியிலுள்ள பால் உறையத் தொடங்கும். மேலேயுள்ள பாலோ சூடாகவே கிடக்கும்.

இனி நம் ஆயிரம் லிட்டர் பாலின் கணக்கைப் போடுவோம். அதன் எடை ஏறத்தாழ 1,030 கிலோ. ஒரு கிலோ பாலின் வெப்பநிலையை ஒரு பாகை குறைக்க 3.9 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். 35 பாகையிலிருந்து 4 பாகை வரை, அதாவது 31 பாகை குறைக்க, சுமார் 1,24,500 கிலோஜூல். மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 35 யூனிட்டுக்கு ஈடான வெப்பம். இதை மூன்று மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டுமானால் வினாடிதோறும் பதினொன்றரை கிலோஜூல் வெப்பம் சுவரைக் கடந்தாக வேண்டும்.

எதிரும் புதிருமாக

இரு திரவங்களைச் சுவரின் இருபுறமும் எந்தத் திசையில் ஓட விடுவது? இது சிறு கேள்வியாகத் தோன்றினாலும் விளைவு மிகப் பெரிது.

72 பாகையில் உள்ள சூடான பாலும், 4 பாகையில் உள்ள குளிர்ந்த பாலும் சம அளவில் ஓடுவதாகக் கொள்வோம். இரண்டும் ஒரே திசையில் ஓடினால், தொடக்கத்தில் வேறுபாடு மிகுதியாக இருக்கும். வெப்பம் விரைந்து செல்லும். போகப் போகச் சூடானது ஆறும், குளிர்ந்தது சூடேறும். முடிவில் இரண்டும் நடுவிலுள்ள 38 பாகையில் சந்தித்துக்கொள்ளும். அதன்பின் குழாய் எவ்வளவு நீண்டாலும் பயன் இல்லை.

அவற்றையே எதிரெதிர்த் திசைகளில் ஓட விட்டுப் பாருங்கள். குளிர்ந்த பால் வெளியேறும் முனையில், அப்போதுதான் உள்ளே நுழையும் 72 பாகைப் பாலை அது சந்திக்கிறது. ஆகவே அது 66 பாகை வரைகூடச் சூடேறி வெளிவர முடியும். மறுமுனையில் சூடான பால், புதிதாக நுழையும் 4 பாகைப் பாலைச் சந்தித்து 10 பாகைக்கு ஆறிவிடுகிறது. வெப்பநிலைகள் இரண்டும் இடம் மாறிக்கொண்டது போன்ற விந்தை!

இயற்கை இதை நமக்கு முன்பே கையாண்டிருக்கிறது. திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணத்தை ஒட்டியுள்ள கழுவேலி ஏரிக்கு வலசைப் பறவைகள் வருகின்றன. குளிர் நாடுகளில் பனி போன்ற நீரில் கால்களை ஊன்றி நிற்கும் நீர்ப்பறவைகளின் உடல் ஏன் குளிர்ந்து போவதில்லை? காலுக்கு இறங்கும் சூடான இரத்தமும், காலிலிருந்து ஏறும் குளிர்ந்த இரத்தமும் அடுத்தடுத்த குழாய்களில் எதிரெதிராக ஓடுகின்றன. இறங்கும் இரத்தம் தன் வெப்பத்தை ஏறும் இரத்தத்துக்குக் கொடுத்துவிடுகிறது. வெப்பம் உடலுக்கே திரும்புகிறது; நீரில் வீணாவதில்லை.

தகடுகளால் ஆன கருவி

பால் பண்ணையில் இதே வேலையைச் செய்வது தகடு வெப்பமாற்றி. ரிச்சர்டு செலிக்மன் என்பவர் 1923ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பாலைப் பதப்படுத்துவதற்காக இதை உருவாக்கினார். துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் பலவற்றைப் புத்தகத்தின் தாள்களைப் போல அடுக்கி, விளிம்புகளில் ரப்பர் வளையங்கள் வைத்து, இரு கனத்த பலகைகளுக்கிடையே போல்ட்டுகளால் இறுக்குகிறார்கள். தகடுகளுக்கிடையே சில மில்லிமீட்டர் இடைவெளி. ஓர் இடைவெளியில் பால், அடுத்ததில் நீர், அதற்கடுத்ததில் மறுபடியும் பால் என மாறி மாறி ஓடும்.

தகடுகளில் அலை அலையாக மடிப்புகள் இருக்கும். இவை அழகுக்காக அல்ல. குறுகிய வழியில் மேலும் கீழுமாகப் புரண்டு செல்லும் பால் சுழிக்கிறது. நாம் முன்னர்க் கண்ட அசையாப் படலம் கிழிபடுகிறது. செம்பு நன்றாக வெப்பம் கடத்துமே, எஃகு எதற்கு என்று கேட்கலாம். செம்பு சிறிதளவு பாலில் கலந்தாலும் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து சுவை கெடும். துருப்பிடிக்காத எஃகு வெப்பத்தை அவ்வளவு நன்றாகக் கடத்துவதில்லை என்றாலும், தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்பே உள்ளதால் அக்குறை பெரிதாகத் தெரிவதில்லை.

விழுப்புரத்தில் உள்ளதைப் போன்ற ஆவின் கூட்டுறவுப் பால் பண்ணைகளில் பாலைப் பதப்படுத்தும் முறையைக் காண்போம். பாலை 72 பாகைக்குச் சூடாக்கி, 15 வினாடிகள் அவ்வாறே வைத்திருந்து, உடனே 4 பாகைக்குக் குளிர்விக்க வேண்டும். நோய்க்கிருமிகள் அழியும், சுவை பெரிதும் மாறாது. இதற்காக ஒவ்வொரு லிட்டரையும் அனல் கொடுத்து 68 பாகை ஏற்றி, பின்பு மின்சாரம் கொடுத்து 68 பாகை இறக்குவதா? இரட்டைச் செலவு அல்லவா?

இங்கேதான் எதிர்த்திசை ஓட்டம் கை கொடுக்கிறது. உள்ளே வரும் குளிர்ந்த பாலை, வெளியே செல்லும் சூடான பாலே 66 பாகை வரை சூடாக்கிவிடுகிறது. மீதி 6 பாகையை மட்டும் வெந்நீர் கொடுக்கிறது. அதைப் போலவே வெளியே செல்லும் பால் 10 பாகைக்கு ஆறிவிடுவதால், குளிர்நீர் எடுக்க வேண்டியதும் 6 பாகை மட்டுமே. ஆயிரம் லிட்டருக்கு 76 யூனிட் வெப்பம் தேவைப்படும் இடத்தில் 7 யூனிட்டுக்கும் குறைவாகவே போதும். பத்தில் ஒன்பது பங்கு வெப்பம் பாலிடமிருந்து பாலுக்கே கை மாறுகிறது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பச்சைப் பாலும் பதப்படுத்திய பாலும் ஒரே தகட்டின் இருபுறமும் ஓடுகின்றன. தகட்டில் ஊசி முனையளவு துளை விழுந்தால்? பச்சைப் பால் நல்ல பாலில் கலந்துவிடும். ஆகவே பதப்படுத்திய பாலின் அழுத்தத்தை எப்போதும் சற்று உயர்வாகவே வைக்கிறார்கள். ஒழுகினாலும் நல்ல பால்தான் பச்சைப் பாலில் சேருமேயன்றி, பச்சைப் பால் இப்புறம் வராது. எளிய ஏற்பாடுதான், ஆனால் அதை நம்பித்தான் அதிகாலையில் பாக்கெட்டைப் பிரித்துக் குழந்தைக்குப் பால் காய்ச்சுகிறோம்.

இரண்டு சுருள்களின் கதை

4 பாகைக்குக் குளிர்விக்க வேண்டிய குளிர்நீர் எங்கிருந்து வருகிறது? வெளியே 40 பாகை வெயில். வெப்பமோ மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் பாயும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு நீர் இறைக்கப் பம்ப் தேவைப்படுவது போல, வெப்பத்தை இறைக்கவும் ஒரு பொறி தேவை. அதுவே குளிர்பதனப் பொறி.

பிரஷர் குக்கரில் அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலை உயர்வதை அறிவீர்கள். அழுத்தம் குறைந்தால் கொதிநிலை தாழும். பெரிய பால் பண்ணைகளிலும் குளிர்பதனக் கிடங்குகளிலும் பயன்படும் அம்மோனியா, சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 33 பாகையிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தை ஏறத்தாழ 15 மடங்காக்கினால், 40 பாகையில்கூட ஆவியிலிருந்து திரவமாக மாறிவிடும்.

பொறியில் நான்கு உறுப்புகள் உள்ளன. முதல் சுருளில், குறைந்த அழுத்தத்தில், அம்மோனியா கொதித்து ஆவியாகிறது. அதற்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தைச் சுற்றியுள்ள நீரிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது, நீர் குளிர்கிறது. இதுவே ஆவியாக்கி. கம்ப்ரசர் அந்த ஆவியை உறிஞ்சி அமுக்கிச் சூடாக்குகிறது. இரண்டாவது சுருளாகிய கண்டென்சரில் ஆவி தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்கோ நீருக்கோ கொடுத்துத் திரவமாகிறது. குறுகிய வால்வு ஒன்று அத்திரவத்தின் அழுத்தத்தைக் குறைத்து மறுபடியும் முதல் சுருளுக்கு அனுப்புகிறது. நான்கில் இரண்டு உறுப்புகள் வெப்பமாற்றிகள்! ஒன்று வெப்பத்தை வாங்குகிறது, மற்றது விற்கிறது. கம்ப்ரசர் இடைத் தரகர். மின்சாரம் அதன் தரகுக் கூலி. அம்மோனியா செம்பை அரிக்கும். ஆகவே இங்கே சுருள்கள் எஃகுக் குழாய்களால் ஆனவை.

சில நிலையங்களில் இந்த முதல் சுருளைப் பெரிய நீர்த்தொட்டியினுள் அமைத்து, பால் வராத நேரங்களில் அதன் மேல் பனிக்கட்டி படியச் செய்கிறார்கள். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை வாங்குகிறது. நம் ஆயிரம் லிட்டர் பாலுக்குச் சுமார் 370 கிலோ பனிக்கட்டி போதும். மின்சாரம் நின்றாலும், பம்பை ஓட்டச் சிறு ஜெனரேட்டர் இருந்தால் பால் கெடாது. 2012ஆம் ஆண்டை ஒட்டித் தமிழகத்தில் நீண்ட மின்வெட்டு இருந்த காலத்தை நினைத்தால், இத்தகைய ஏற்பாட்டின் அருமை விளங்கும்.

சிற்றூர்களில் உள்ள தொகுப்புப் பால் குளிர்விப்பு நிலையங்களில் முறை இன்னும் எளிது. தொட்டியின் அடித்தகடே ஆவியாக்கியாக அமைந்திருக்கும். குளிர்பதனப் பொருள் அதனடியில் கொதிக்கும். குளிர்ந்த பால், வெப்பம் புகாத டேங்கர் லாரியில் ஏறிவிட்டால், வழியில் வெப்பநிலை அதிகம் உயர்வதில்லை.

காற்றைக் குளிர்விக்கும் சுருள்

அந்த லாரி சென்னைக்குச் செல்லும் வழியில் திண்டிவனத்தைக் கடக்கிறது. சாலையோரத்தில் உணவு விடுதிகள், துணிக்கடைகள், திருமண மண்டபங்கள். அவற்றின் குளிர்சாதனங்களிலும் அதே இரண்டு சுருள்கள் உள்ளன. ஆனால் இங்கே குளிர்விக்க வேண்டியது திரவம் அல்ல; காற்று. ஆகவே சுருளின் உருவம் மாறுகிறது.

குழாயினுள் ஓடும் குளிர்நீரோ குளிர்பதனப் பொருளோ தன் பக்கத்துச் சுவருக்கு வெப்பத்தை எளிதில் கை மாற்றும். வெளியே உள்ள காற்றோ மிக மந்தமானது. ஆகவே காற்றுப் பக்கத்தில் மட்டும் பரப்பைப் பெருக்க வேண்டும். அதற்காகச் செம்புக் குழாய்களின் மேல் மெல்லிய அலுமினியத் தகடுகளை, ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டருக்கு ஒன்றாக, நெருக்கமாகக் கோக்கிறார்கள். இவை துடுப்புகள் எனப்படும். காற்றைத் தொடும் பரப்பு இவற்றால் பத்து மடங்குக்கு மேலும் பெருகுகிறது. கோத்த பின், குழாயைவிடச் சற்றே பெரிய குண்டு ஒன்றைக் குழாயினுள் செலுத்தி, அதை விரியச் செய்கிறார்கள். குழாய் விரிந்து தகடுகளை இறுகப் பற்றிக்கொள்கிறது. இந்தப் பிடி தளர்ந்தால் நடுவே காற்று புகும். தகடு இருந்தும் பயன் இராது. யானை தன் அகன்ற காதுகளை வீசி இரத்தத்தைக் குளிர்வித்துக்கொள்வதும் இதே வழிதான்: பரந்த பரப்பு, அதன்மேல் வீசும் காற்று.

சுருளுக்கு மற்றொரு வேலையும் உண்டு. குளிர்ந்த சொம்பின் வெளியே நீர் முத்துக்கள் அரும்புவதைப் பார்த்திருக்கிறோம். காற்றிலுள்ள நீராவியே அவ்வாறு படிகிறது. குளிர்சாதனச் சுருளிலும் நீர் இவ்வாறே படிந்து, தட்டில் வடிந்து, குழாய் வழியே சொட்டுகிறது.

மாலையில் வங்கக் கடலிலிருந்து காற்று வீசும்போது, வெப்பநிலை 34 பாகை, ஈரப்பதம் 60 விழுக்காடு என்று கொள்வோம். அதில் ஒரு கன மீட்டரில் சுமார் 22 கிராம் நீராவி இருக்கும். அறையினுள் 25 பாகையும் 50 விழுக்காடும் வேண்டுமானால் சுமார் 11 கிராம் போதும். மீதி 11 கிராமைச் சுருள் நீராக்க வேண்டும். அதற்கு எடுக்க வேண்டிய வெப்பம் ஏறத்தாழ 27 கிலோஜூல். காற்றின் வெப்பநிலையைக் குறைக்கவோ 10 கிலோஜூல் மட்டுமே போதும். ஆகக் கதவைத் திறந்து போடும் கடையில் மின்சாரத்தின் பெரும்பகுதி காற்றைக் குளிர்விப்பதில் அல்ல, காற்றைப் பிழிவதிலேயே செலவாகிறது!

படலம் என்னும் பகைவன்

எவ்வளவு திறமையாக அமைத்த வெப்பமாற்றியும் ஒரு பகைவனிடம் தோற்றுவிடும். அது அழுக்கு.

கடினத்தன்மை உள்ள கிணற்று நீரைச் சூடாக்கும்போது சுண்ணாம்புப் படிவு உண்டாகும். வெந்நீர்ப் பாத்திரத்தின் உள்ளே வெண்மையாகப் படிவது இதுவே. அதன் கடத்துத்திறன் செம்பினுடையதில் இருநூறில் ஒரு பங்கு. ஒரு மில்லிமீட்டர் தடித்த படிவு, ஒரு சாண் தடித்த செம்புச் சுவருக்குச் சமமான தடையாகும். பாலைச் சூடாக்கும் தகடுகளிலோ பாலின் புரதமும் தாது உப்புகளும் படிந்து 'பால் கல்' உண்டாகிறது. அது வெப்பத்தைத் தடுப்பதோடு பாக்டீரியாக்களுக்கு மறைவிடமும் ஆகிறது. ஆகவே ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் தகடுகளினூடே சூடான காஸ்டிக் சோடாக் கரைசலையும், பின்னர் நீர்த்த நைட்ரிக் அமிலத்தையும், இடையிடையே நல்ல நீரையும் ஓட்டிக் கழுவுகிறார்கள். காரம் கொழுப்பையும் புரதத்தையும் கரைக்கும். அமிலம் தாது உப்பைக் கரைக்கும்.

காற்றுச் சுருள்களுக்குப் புழுதியே பகை. நெடுஞ்சாலைப் புழுதியும் பஞ்சும் துடுப்புகளுக்கிடையே அடைத்துக்கொண்டால், வெளிப்புறச் சுருளால் வெப்பத்தை விற்க முடியாது. அதனுள் வெப்பநிலையும் அழுத்தமும் ஏறும். ஒவ்வொரு பாகை ஏற்றத்துக்கும் கம்ப்ரசர் இரண்டு மூன்று விழுக்காடு கூடுதலாக மின்சாரம் குடிக்கும். இறுதியில் பாதுகாப்பு சுவிட்சு அதை நிறுத்திவிடும். பெரும்பாலும் இது நிகழ்வது எப்போது? கத்திரி வெயில் பகலில், குளிர்ச்சி மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில்தான்!

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய கடற்கரைப் பகுதியில் இன்னொரு தொல்லை. உப்புக் காற்றின் ஈரத்தில் செம்பும் அலுமினியமும் சேர்ந்திருந்தால் ஒரு சிறு மின்கலமே உருவாகிவிடுகிறது. அதில் அலுமினியம் அரிக்கப்படுகிறது. துடுப்புகள் பொடியாக உதிர்கின்றன. ஆகவே இத்தகைய இடங்களுக்குப் பிசின் பூச்சுப் பூசிய சுருள்கள் ஏற்றவை. அவற்றையும் அடிக்கடி நல்ல நீரால் அலச வேண்டும். கம்பித் தூரிகையால் அழுத்தித் தேய்த்தால் துடுப்புகள் மடங்கிக் காற்றுவழி அடைபடும்.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள மூன்று எவர்சில்வர் டம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் சம அளவு வெந்நீரைப் பெரியவர்களின் துணையுடன் ஊற்றுங்கள். அகன்ற தாம்பாளத்தில் குழாய்நீர் நிரப்பி மூன்றையும் அதில் வையுங்கள். முதல் டம்ளரை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் உள்ள நீரைக் கரண்டியால் மெல்லக் கலக்கிக்கொண்டே இருங்கள். மூன்றாவதற்கு முன்கூட்டியே வெளிப்புறம் ஒரு துணியைச் சுற்றி, அதன்மேல் பாலித்தீன் பையை இறுகக் கட்டிவிடுங்கள். இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை பள்ளி ஆய்வகத்து வெப்பமானியால் மூன்றின் வெப்பநிலையையும் குறித்து வாருங்கள். காய்ச்சலுக்குப் பயன்படும் வெப்பமானி வேண்டாம், அது உடைந்துவிடும்.

கலக்கிய நீர் முதலில் ஆறும். போர்வை கட்டிய நீர் கடைசியில் ஆறும். முதல் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அசையாப் படலத்தின் தடை. முதலுக்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடு அழுக்கின் தடை. மூன்று டம்ளர்களிலும் உலோகம் ஒன்றே என்பதைக் கவனியுங்கள்.

பால் கறந்த வேளையிலிருந்து காலம் ஓடத் தொடங்கிவிடுகிறது. அந்தப் பந்தயத்தில் உற்பத்தியாளரின் வருவாயையும் குழந்தையின் உடல்நலத்தையும் காப்பது, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஓர் உலோகச் சுவர். அதை வடிவமைத்தவர் பொறியாளர். அதன் திறனை நாள்தோறும் காப்பவரோ வேலை முடிந்தபின் அதைக் கழுவித் துடைக்கும் தொழிலாளி. இனி ஒரு குளிர்சாதனத்தின் பின்புறத்தையோ லாரியின் ரேடியேட்டரையோ காண நேர்ந்தால், அருகில் சென்று துடுப்புகளைப் பாருங்கள். அவற்றில் புழுதி அடைந்திருந்தால், அங்கே எத்தனை மின்சாரம் வீணாகிறது என்று சொல்ல இப்போது உங்களுக்குத் தெரியும்.